சோலினாய்டு வால்வை அணைக்கும்போது மாஸ்ஃபெட் ஏன் சாகிறது? எந்த டயோடு, எங்கே, எந்தப் பக்கம்

கேள்வி சுருக்கமாக இது: ஒருவர் 12 வோல்ட் சோலினாய்டு தண்ணீர் வால்வு (மின்காந்தக் காயிலால் திறக்கும் வால்வு) ஒன்றை இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இருந்து ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக இயக்குகிறார். சில நாள் ஓடிய பிறகு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி வால்வு திறந்தபடியே நின்றுவிடுகிறது. இடையிடையே போர்டு ரீசெட் ஆகிறது. 1என்4007 டயோடு போட்டால் போதுமா, ஜீனரும் வேண்டுமா, எந்த இடத்தில் போடுவது என்று கேட்கிறார்.

இந்த வால்வுக்கு 1என்4007 தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் குறைந்தது இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. டயோடு அவற்றில் ஒன்றைத்தான் தீர்க்கும். அதைப் போட்டும் மாஸ்ஃபெட் மறுபடி போனால், "டயோடு சரியில்லை" என்று வேறு வேறு டயோடுகளாக மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

முதலில் ஸ்பைக், அதாவது அணைக்கும் கணத்தில் எழும் வோல்டேஜ் உச்சம். காயிலின் தடை 36 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை பிளாஸ்டிக் வால்வுகளில் சாதாரணமாக அந்த அளவில்தான் இருக்கும், மல்டிமீட்டரில் அளந்துவிடலாம். 12 வோல்ட்டில் 0.33 ஆம்பியர் ஓடும். இண்டக்டன்ஸ் 0.1 ஹென்றி என்று எடுத்துக்கொண்டால் காயிலில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 5.5 மில்லிஜூல். மாஸ்ஃபெட்டை அணைத்த அந்தக் கணத்திலும் காயில் அந்த 0.33 ஆம்பியரை விடாது. அதே அளவில், அதே திசையில் ஓட்டப் பார்க்கும். போக வழி இல்லாததால் காயிலின் கீழ்முனை, அதாவது அது இணையும் மாஸ்ஃபெட் முனையான டிரெயின், மேலே ஏறுகிறது. எதுவும் தடுக்காவிட்டால் சில நூறு வோல்ட் தாண்டும். ஐஆர்எஃப்இசட்44என்-இன் எல்லை 55 வோல்ட். அதைத் தாண்டியதும் மாஸ்ஃபெட் அவலாஞ்ச் நிலைக்கு (அணைந்திருந்தும் வோல்டேஜ் மிகுதியால் கடத்தும் நிலை) போய், அந்த 5.5 மில்லிஜூலைத் தன் சிலிக்கானிலேயே சூடாக எரித்துத் தீர்க்கிறது.

டயோடே இல்லாமல் "பல நாள் நன்றாக ஓடியது" என்று நிறையப் பேர் சொல்வதன் காரணம் இதுதான். இப்போதைய பவர் மாஸ்ஃபெட்டுகள் ஓரளவு அவலாஞ்ச் ஆற்றலைத் தாங்கும்படியே செய்யப்படுகின்றன. தரவுத்தாளில் அதற்குத் தனி வரியே உண்டு. சாதாரண டிரான்சிஸ்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. 45 வோல்ட் எல்லை கொண்ட பிசி547-ஓ, 60 வோல்ட் டிஐபி120-ஓ இதே இடத்தில் சீக்கிரமே போய்விடும். மாஸ்ஃபெட் தாங்குகிறதே என்று அதை நம்பி டயோடை விட்டுவிட வேண்டாம். ஏற்கெனவே சூடாக இருக்கும் மாஸ்ஃபெட்டின் தாங்கும் அளவு குறைந்துவிடும். உங்கள் மாஸ்ஃபெட் சூடாகத்தான் இருக்கிறது. ஏன் என்று கீழே வருகிறேன்.

டயோடு செய்வது எளிய வேலை. அணைத்த பின் காயிலின் மின்னோட்டம் சுற்றி வர ஒரு வழி தருகிறது. வெள்ளைக் கோடு போட்ட முனை, அதாவது கேத்தோடு, 12 வோல்ட் பிளஸ் பக்கம். கோடில்லாத முனை டிரெயின் பக்கம். வால்வு இயங்கும்போது டயோடு சும்மா இருக்கும். அணைத்ததும் டிரெயின் 12.7 வோல்ட்டுக்கு ஏறி, அங்கேயே நிற்கும். திருப்பிப் போட்டால் மாஸ்ஃபெட் ஆன் ஆன உடனேயே சப்ளை, டயோடு, மாஸ்ஃபெட் மூன்றும் நேர் ஷார்ட். வால்வு திறக்காது, டயோடோ மாஸ்ஃபெட்டோ புகையும்.

"மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே டயோடு இருக்கிறதே, படத்தில் போட்டிருக்கிறார்களே?" என்ற சந்தேகம் அடிக்கடி வரும். அந்த டயோடு சோர்சில் (மாஸ்ஃபெட்டின் கிரவுண்டு பக்க முனை) இருந்து டிரெயினுக்குப் பார்த்து நிற்கிறது. ஸ்பைக் வரும்போது டிரெயின் பிளஸ்ஸாக ஏறுவதால் அந்த டயோடு ரிவர்ஸில்தான் இருக்கும், எதையும் கடத்தாது. டிஐபி120, டிஐபி122-க்குள் கலெக்டர் எமிட்டருக்கு நடுவே இருக்கும் டயோடும் அப்படியே. இவை காயிலுக்குக் குறுக்கே போடும் டயோடுக்கு மாற்று ஆகாது. ஆப்டோ ஐசோலேட்டரும் மாற்று ஆகாது. அது கண்ட்ரோலரைப் பிரித்து வைக்கும், ஆனால் காயிலின் மின்னோட்டத்துக்கு வழி தராது. ரிலே மாட்யூல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாட்யூலில் இருக்கும் டயோடு ரிலேயின் சொந்தக் காயிலுக்கானது. ரிலே காண்டாக்டில் தொங்கும் சோலினாய்டுக்குத் தனியாக ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காண்டாக்டில் பொறி பறந்து, கொஞ்ச நாளில் ஒட்டிக்கொள்ளும்.

எந்த டயோடு என்பதில் தேவைக்கு மேல் குழப்பிக்கொள்கிறார்கள். டயோடில் ஓடும் உச்ச மின்னோட்டம் காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம்தான், இங்கே 0.33 ஆம்பியர், அதற்கு மேல் ஒருபோதும் போகாது. டயோடு தாங்க வேண்டிய ரிவர்ஸ் வோல்டேஜ் சப்ளை வோல்டேஜ்தான், அதாவது 12. ஆக 50 வோல்ட், 1 ஆம்பியர் 1என்4001 போதும். எல்லோரும் 1000 வோல்ட் 1என்4007 போடுவதற்குக் காரணம், எந்தக் கடையிலும் அது கிடைக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னக் கண்ணாடி டயோடு 1என்4148 சின்ன ரிலேக்குச் சரி, 0.33 ஆம்பியர் சோலினாய்டுக்கு வேண்டாம். 1 ஆம்பியரைத் தாண்டும் பெரிய சோலினாய்டுக்கு 3 ஆம்பியர் 1என்5408 எடுங்கள்.

"1என்4007 ஸ்லோ டயோடு, ஸ்பைக்கைப் பிடிக்காது" என்பதும் பரவலாகச் சுற்றும் ஒரு கருத்து. அதன் மந்தம் அணைவதில்தான், அதாவது ரிவர்ஸ் ரெகவரியில். கடத்தத் தொடங்குவதற்கு அதற்கு நேரமே ஆவதில்லை. நிமிடத்துக்கு ஒரு முறையோ நாளுக்கு இரண்டு முறையோ திறந்து மூடும் வால்வுக்கு அந்த மந்தம் ஒரு பொருட்டே அல்ல. அது உறுத்தும் இடம் பிடபிள்யூஎம், அதாவது மாஸ்ஃபெட்டை வேகமாக ஆன் ஆஃப் செய்து சராசரி மின்னோட்டத்தைக் குறைக்கும் முறை. வால்வை முழு வோல்டேஜில் இழுத்துவிட்டு, பிறகு காயில் சூடாகாமல் இருக்க 30, 40 சதவீத பிடபிள்யூஎம்மில் பிடித்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அப்போது டயோடு கடத்திக்கொண்டிருக்கும்போதே மாஸ்ஃபெட் மறுபடி ஆன் ஆகும். 20 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் 1என்4007 சில மைக்ரோசெகண்ட் நேரம் ஷார்ட் போல நடந்துகொள்ளும். மாஸ்ஃபெட் காரணமில்லாமல் சூடாவதும் பக்கத்து சென்சாரில் இரைச்சல் ஏறுவதும் அப்போதுதான். பிடபிள்யூஎம் வைப்பதாக இருந்தால் யூஎஃப்4007 அல்லது ஷாட்கி வகையில் 1என்5819, எஸ்எஸ்34 போடுங்கள். இந்த இரண்டு ஷாட்கிகளும் 40 வோல்ட்தான், 24 வோல்ட் சப்ளை வரை பயமில்லை.

இனி ஜீனர் விஷயம், அதாவது குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினால் ரிவர்ஸிலும் கடத்தும் டயோடு. டயோடு மட்டும் போட்டால் காயில் மின்னோட்டம் மெதுவாகத்தான் இறங்கும். நம் கணக்கில் முழுக்கச் சுழியாக சுமார் 8 மில்லிசெகண்ட் ஆகும். காயிலின் ஆற்றலைத் தின்ன அங்கே 0.7 வோல்ட்டும் காயிலின் சொந்தத் தடையும்தான் இருக்கின்றன. அந்த வழியில் 24 வோல்ட் கிளாம்ப் (வோல்டேஜை அந்த அளவில் பிடித்து நிறுத்தும் ஜீனர் போன்ற பாகம்) ஒன்றைச் சேர்த்தால் அதே மின்னோட்டம் 1.1 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். எதிர் வோல்டேஜ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக அணையும். டிரெயினில் ஏறும் வோல்டேஜும் அதே அளவு அதிகம். வேகம் வேண்டுமா, மாஸ்ஃபெட்டுக்கு நிம்மதி வேண்டுமா என்பதுதான் இங்கே பேரம்.

தண்ணீர் வால்வுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. டயாஃப்ரம் மூடுவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும், 7 மில்லிசெகண்ட் கூடக் குறைய ஆனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எண்ணெய், மருந்து நிரப்பும் டோசிங் மெஷின், எரிபொருள் இன்ஜெக்டர், பின்பால் மெஷின், வேகமாக வரிசை பிரிக்கும் ஏர் வால்வு போன்றவற்றுக்குத்தான் கிளாம்ப் வேண்டும். பெரிய ரிலேக்கும் நல்லது. காயில் மெதுவாக விட்டால் காண்டாக்ட் தயங்கித் தயங்கிப் பிரியும், பொறி நீளும்.

கிளாம்ப் போடுவதாக இருந்தால் 1 வாட் ஜீனரை எடுக்காதீர்கள். பல வரைபடங்களில் 24 வோல்ட் 1என்4749 இருக்கும். அதன் சர்ஜ் எல்லை 0.2 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. நம் காயில் 0.33 ஆம்பியரை அதற்குள் தள்ளும். கொஞ்ச நாள் தாங்கும், பிறகு ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனால் மீதி இருக்கும் சாதா டயோடு வேலையைப் பார்த்துக்கொள்ளும், வால்வு மெதுவாக மூடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஓப்பன் ஆனால் பாதுகாப்பே போச்சு. அதற்குப் பதில் 600 வாட் டிவிஎஸ் டயோடான (கணநேர ஸ்பைக்கை விழுங்கவே செய்த வகை) பி6கேஇ24ஏ போடுங்கள். கொஞ்சம்தான் பெரியது, இந்த வேலை அதற்கு விளையாட்டு. மாட்டும் விதம் இது: 1என்4007-இன் கோடில்லாத முனை டிரெயினில், கோடுள்ள முனை டிவிஎஸ்-இன் கோடுள்ள முனையோடு, டிவிஎஸ்-இன் மறுமுனை 12 வோல்ட் பிளஸ்ஸில். இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டும். டிரெயின் 12 + 24 + 0.7, ஆக 37 வோல்ட் அளவுக்கு ஏறும். 55 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்கு இது சௌகரியம். 30 வோல்ட் ஏஓ3400 போட்டிருந்தால் இதே கிளாம்ப் ஒன்றுக்கும் உதவாது, டிவிஎஸ் விழிப்பதற்குள் மாஸ்ஃபெட் உடைந்துவிடும். வண்டி பேட்டரியில் ஓட்டினால் 12 என்று போடாமல் 14.4 என்று போட்டுக் கூட்டுங்கள். இன்னொன்று, மேலே சொன்ன பிடபிள்யூஎம்மோடு இந்தக் கிளாம்பைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலைக் கிளாம்பே எரித்து எரித்துச் சூடாகும்.

இடைப்பட்ட மலிவு வழி ஒன்று உண்டு. டயோடோடு தொடராக, காயிலின் தடை அளவுக்கே ஒரு ரெசிஸ்டர், இங்கே 33 அல்லது 39 ஓம், 2 வாட். டிரெயின் 25 வோல்ட் பக்கம்தான் ஏறும், அணையும் வேகமும் நன்றாகக் கூடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கோளாறு. ஐஆர்எஃப்இசட்44என் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் அல்ல, அதாவது கேட்டுக்கு (திறக்கச் சிக்னல் கொடுக்கும் முனை) கண்ட்ரோலர் தரும் சிறு வோல்டேஜிலேயே முழுதாகத் திறக்கும் வகை அல்ல. அதன் திரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அதுவும் அப்போதுதான் கடத்தத் தொடங்கும். இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட். சில பீஸ்களில் பாதிதான் திறக்கும். வால்வு ஆன் ஆக இருக்கும்போது டிரெயினுக்கும் சோர்சுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 4 வோல்ட் காட்டினால் காயிலுக்கு 8 வோல்ட்தான் போகிறது, மாஸ்ஃபெட்டில் சுமார் 0.9 வாட் எரிகிறது. ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 உடல் ஒரு வாட்டுக்குச் சுற்றுச்சூழலைவிட 62 டிகிரி ஏறும். மூடிய பெட்டிக்குள், சித்திரை வெயிலில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் இருக்கும் மாஸ்ஃபெட்டுக்கு டயோடும் இல்லாமல் அவலாஞ்ச் கொடுத்தால் ஷார்ட் ஆவதில் வியப்பு எதுவும் இல்லை. ஐஆர்எல்இசட்44என் மாற்றுங்கள். தரவுத்தாள் 4 வோல்ட் கேட் வரைக்குத்தான் தடையைக் குறித்துச் சொல்கிறது. என்றாலும் 0.33 ஆம்பியருக்கு 3.3 போதும், மாற்றியபின் அதே அளவீட்டை எடுத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஏஓ3400 2.5 வோல்ட்டுக்கே திறக்கும்படி செய்யப்பட்டது, சாதா டயோடோடு அது மிகப் பொருத்தம்.

கேட்டுக்கு 1 கிலோஓம் தொடர் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம். இந்த 10 கிலோஓமை இஎஸ்பி பின் பக்கம் போடுங்கள். கேட் பக்கம் போட்டால் 3.3 வோல்ட் பங்கு பிரிந்து 3.0 ஆகிவிடும், நமக்கு அந்த 0.3 முக்கியம். போர்டு பூட் ஆகும்போது பின் மிதப்பதால் வால்வு தானாகத் திறப்பதை இந்த 10 கிலோஓம்தான் தடுக்கிறது. 1 கிலோஓம் எதற்கென்றால், மாஸ்ஃபெட் செத்துப்போகும்போது பல நேரம் டிரெயினும் கேட்டும் ஒட்டிக்கொள்ளும். 12 வோல்ட் நேராக இஎஸ்பி பின்னுக்கு வரும். 1 கிலோஓம் இருந்தால் 8 மில்லிஆம்பியர் அளவில் நிற்கும், இல்லையென்றால் பின்னும் போகும். ஏற்கெனவே மாஸ்ஃபெட் போயிருப்பதால் அந்தப் பின் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு எல்இடி வைத்துப் பார்த்துவிட்டே புது மாஸ்ஃபெட்டை மாட்டுங்கள். பிடபிள்யூஎம் வைத்தால் மட்டும் 1 கிலோஓமுக்குப் பதில் 100 ஓம்.

ரீசெட் எப்போது வருகிறது என்று பாருங்கள். வால்வு அணையும்போது வந்தால் ஸ்பைக், டயோடு போட்டதும் நின்றுவிடும். வால்வு திறக்கும்போது வந்தால் அது ஸ்பைக்கே அல்ல, சப்ளை தாழ்கிறது. சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். சின்ன அடாப்டர், வைஃபை, வால்வு மூன்றும் ஒரே கணத்தில் இழுக்கின்றன. 470 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் கெப்பாசிட்டரை வால்வின் பிளஸ்ஸுக்கும் மாஸ்ஃபெட் சோர்சுக்கும் நடுவே நெருக்கமாகப் போடுங்கள். கிரவுண்டு வயரிங்கையும் பாருங்கள். சோர்சில் இருந்து கிரவுண்டு வயர் நேராக அடாப்டருக்குப் போக வேண்டும். இஎஸ்பி போர்டின் கிரவுண்டு பின் வழியாக வால்வின் மின்னோட்டம் திரும்பினால், பிரெட்போர்டின் தளர்ந்த துளையே போதும், ரீசெட் ஆவதற்கு.

டயோடை எங்கே வைப்பது? போர்டில், டெர்மினல் பிளாக்குக்கு ஒட்டினாற்போல் சால்டர் செய்துவிடுங்கள். வால்வு 50 மீட்டர் தள்ளி இருந்தால் வால்விலும் இன்னொன்று போடுவது நல்லது, அப்போது அணையும் மின்னோட்டம் நீண்ட வயரில் சுற்றாமல் அங்கேயே சுற்றித் தீரும், இரைச்சல் குறையும். வால்வில் மட்டும் போட்டுவிட்டு போர்டில் விட்டுவிடாதீர்கள். யாராவது வால்வை மாற்றும்போது டயோடு பழைய வால்வோடு குப்பைக்குப் போய்விடும். அவ்வளவு தூரம் 0.5 சதுர மி.மீ வயர் இழுத்தால் போக வர 100 மீட்டருக்குச் சுமார் 3.5 ஓம், ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தொழிற்சாலை வால்வுகளில் காயிலின் தலையில் மாட்டும் சதுர டின் கனெக்டருக்குள்ளேயே எல்இடியும் டயோடும் வைத்து விற்பார்கள். அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் பிஎல்சி (தொழிற்சாலைக் கண்ட்ரோலர்) அவுட்புட் ஷார்ட்டில் மாட்டும்.

போட்ட டயோடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வால்வைக் கழற்ற வேண்டும். காயில் இணைந்திருக்கும்போது டயோடு மோடில் வைத்தால் இரண்டு பக்கமும் ஷார்ட் போலத்தான் காட்டும், 36 ஓம்தானே. கழற்றியபின் ஒரு பக்கம் 0.5, 0.6 வோல்ட், மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது. ஆசிலோஸ்கோப் இருந்தால் 10 மடங்கு புரோபை டிரெயினில் வையுங்கள். அணைத்ததும் 12.7 வோல்ட்டில் ஒரு தட்டையான மேடை, சில மில்லிசெகண்ட் நீளம், பிறகு 12-க்கு இறக்கம். மேடை இல்லாமல் 50 வோல்ட்டுக்கு மேல் ஒரு ஊசி தெரிந்தால் டயோடு ஓப்பன், அல்லது சால்டர் பிடிக்கவில்லை.

நான்கைந்து வால்வு ஓட்டுபவர்கள் மாஸ்ஃபெட்டுக்குப் பதில் யூஎல்என்2003ஏ எடுப்பது வழக்கம். ஏழு சேனல், சேனலுக்கு 500 மில்லிஆம்பியர், டயோடுகள் உள்ளேயே. ஆனால் எல்லாச் சேனலையும் ஒரே நேரத்தில் 0.33 ஆம்பியரில் ஓட்டினால் சிப் கொதிக்கும், இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். அந்த டயோடுகள் எல்லாம் 9-ஆம் பின்னில் சேர்கின்றன; அது வால்வின் 12 வோல்ட்டுக்குப் போக வேண்டும். சும்மா விட்டால் டயோடு இருந்தும் இல்லாத மாதிரி. 5 வோல்ட்டில் கொடுத்துவிட்டால் அதைவிட மோசம்: அணைத்த பிறகும் 12 வோல்ட்டில் இருந்து காயில் வழியாக, டயோடு வழியாக, 5 வோல்ட் லைனுக்கு மின்னோட்டம் ஓடும். காயிலில் ஆறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், வால்வு மூடாமல் முனகும், 5 வோல்ட் லைன் மேலே தள்ளப்படும்.

டயோடு போடவே கூடாத இரண்டு இடங்கள். ஒன்று ஏசி காயில். தோட்டத்து 24 வோல்ட் ஏசி வால்வுக்குக் குறுக்கே டயோடு போட்டால் ஒரு அரைச்சுற்று முழுக்க ஷார்ட். அங்கே எம்ஓவி (இரு திசை ஸ்பைக்கையும் தடுக்கும் வேரிஸ்டர்) போடுங்கள்: 24 வோல்ட் ஏசிக்கு 07டி470கே, 230 வோல்ட்டுக்கு 10டி471கே. 230 வோல்ட் வேலையை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். மற்றொன்று, பேட்டரி கண்ட்ரோலர்களில் வரும் லேட்சிங் வால்வு. அது ஒரு திசைப் பல்ஸில் திறக்கும், எதிர்த் திசைப் பல்ஸில் மூடும். காயிலுக்குக் குறுக்கே டயோடு போட்டால் ஒரு திசைதான் வேலை செய்யும், மற்றதில் டிரைவர் ஷார்ட். அங்கே ஹெச் பிரிட்ஜின் (மின்னோட்டத் திசையை மாற்றும் நான்கு சுவிட்ச் சுற்று) நான்கு டயோடுகளே போதும். எல்293டி-யில் அவை உள்ளே இருக்கின்றன, வெறும் எல்293-இலும் எல்298-இலும் இல்லை, வெளியே போட வேண்டும். அந்த நான்கு டயோடுகளும் மின்னோட்டத்தைத் திரும்ப சப்ளைக்குத்தான் தள்ளும். அதை வாங்கிக்கொள்ள பிரிட்ஜின் காலடியிலேயே 470 அல்லது 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் கட்டாயம்.